அடிக்கல்லுக்கு முந்திய கணக்கு

அணைக்கட்டையோ பாலத்தையோ காணச் செல்வோர் அதன் அருகே நாட்டப்பட்டிருக்கும் கல்வெட்டை வாசியாமல் திரும்புவதில்லை. அடிக்கல் நாட்டிய பெரியாரின் பெயர், திறந்து வைத்தவரின் பெயர், நாள், திங்கள், ஆண்டு ஆகியவை அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயின் அந்த அடிக்கல்லை நாட்டுதற்கு முன்னர் காட்டை வெட்டி வழி சமைத்தவர் யாவர், தொழிலாளர் தங்குதற்குக் கொட்டில் அமைத்தவர் யாவர், இவற்றிற்கு வேண்டிய பணத்தை எவர் எந்த நிபந்தனையின் பேரில் முதலிற் கொடுத்தார் என்பனவற்றைக் கல்வெட்டு கூறுவதில்லை. வேலை தொடங்குமுன் நிகழும் அந்த ஆயத்தத்தையும் அதன் செலவையும் பற்றியே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன். மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நாட்டின் வரலாறு இவ்விடயத்தில் நமக்கு ஒரு பாடத்தைத் தருகின்றது. ஆயத்தச் செலவை எவர் ஏற்கின்றார், அது எவ்வாறு திருப்பப்படும் என்று முதலில் எழுதப்படும் உடன்படிக்கையே, வேலை முடிந்தபின் அதன் பயன் எவரைச் சேரும் என்பதைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகின்றது என்பதே அப்பாடம்.

இக்கருத்து மட்டக்களப்பு உழவருக்குப் புதியதன்று. பெரும்போக மழைக்கு முன்னர் வரம்பு கட்டவேண்டும், எருமைகளை விட்டு வயலை மிதிப்பிக்கவேண்டும், விதைநெல் வேண்டும், அறுவடை மட்டும் உழைப்பவன் வீட்டில் அடுப்பெரிய நெல் வேண்டும். இவற்றை அக்காலத்தில் நிலமுடைய போடியார் முல்லைக்காரனுக்கு முன்னதாகக் கொடுத்தார். களத்திலே நெல் குவிந்ததும் முதலில் அளக்கப்பட்டது அந்த முற்கொடை, எஞ்சியதே பங்கிடப்பட்டது. விளைச்சல் நன்றாயிருந்த ஆண்டில் இவ்வேற்பாடு இருவருக்கும் உதவிற்று. மழை பொய்த்த ஆண்டில் முல்லைக்காரனின் கடன் அடுத்த போகத்திற்கும் தொடர்ந்தது. அவனும் அக்கடனோடு அதே போடியாரின் வயலிலேயே நின்றான். முற்பணம் ஒருவனுக்கு ஊன்றுகோலாகவும் ஆகலாம், காற்றளையாகவும் ஆகலாம் என்பதை அக்களங்கள் காட்டின.

கட்டடத் தொழிலிலும் நிலைமை இதுவே. ஓர் ஒப்பந்தக்காரர் முதல் அடி மண்ணைத் தோண்டி, அது அளக்கப்பட்டு, அதற்கான பணம் கைக்கு வருமுன் எத்தனையோ செலவுகளைச் செய்தாகவேண்டும். நிலத்தை அளந்து எல்லையிடல், மண்ணைத் துளைத்துச் சோதித்தல், பாதை, குடிநீர், களஞ்சியம், தொழிலாளர் விடுதி, இயந்திரங்களைக் கொண்டுவந்து பொருத்துதல், விபத்துக்கான காப்புறுதி என அப்பட்டியல் நீளும். அதனாலேயே இக்காலத்து ஒப்பந்தங்களில் பூர்வாங்க வேலைகளுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கப்படுகின்றது. வேலையைக் கொடுப்பவர் ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை, வங்கியின் உத்தரவாதத்தைப் பெற்றுக்கொண்டு, முற்பணமாக வழங்குவார். பின்னர் கொடுக்கும் ஒவ்வொரு கட்டணத்திலும் அதனைச் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்வார். முற்பணம் இல்லையாயின் பெருஞ் செல்வமுடைய நிறுவனமன்றி வேறெவரும் அவ்வேலையை ஏற்க முன்வரார். ஊரிலுள்ள சிறு ஒப்பந்தக்காரர் வீட்டு நகையை அடகு வைத்தே முதல் மூடை சீமெந்தை வாங்க நேரிடும்.

இனி, நான்கு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கணக்கைப் பார்ப்போம். புளியந்தீவில் வாவியின் கரையிலே நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 ஆம் ஆண்டிற் கட்டினர். இரு புறத்தே வாவியும் மற்றை இரு புறத்தே அகழியும் அதற்குக் காவலாயின. வாவியின் முகத்துவாரத்தை மணற்றிட்டு மறிப்பதால் பெருங் கப்பல்கள் வெளியே நங்கூரமிட, சிறு தோணிகளே உள்ளே வந்து போகக்கூடும். கோட்டைக்கு இடந்தேடியோர் இந்த இயற்கை அரணைக் கருதியே தீவைத் தெரிந்தனர் எனலாம். கண்டி அரசருக்கோ, கிழக்குக் கடலோடு தமக்கிருந்த தொடர்பை அக்கோட்டை அறுத்தது பெருங் குறையாயிற்று.

இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரைக் கரையோரத்திலிருந்து அகற்ற எண்ணினார். தரைப்போரில் அவர் வல்லவர். 1638 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அவர் முற்றாக முறியடித்தார். ஆயின் கடற்கரைக் கோட்டைகளை வீழ்த்தக் கப்பலும் பீரங்கியும் வேண்டும். இவை அவரிடம் இல்லை. எனவே அதற்கு முன்னரே பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்கு ஓலை போக்கியிருந்தார். ஒல்லாந்துக் கடற்படைத் தலைவர் வெஸ்ரர்வோல்ட் கப்பல்களோடு வந்தார். 1638 மே 18 ஆம் நாள் மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23 ஆம் நாள், அரசரும் ஒல்லாந்தரும் மட்டக்களப்பிலேயே ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர்.

அவ்வுடன்படிக்கையின் ஒரு விதி, போருக்காக ஒல்லாந்தர் செய்யும் செலவு முழுவதையும் அரசர் ஏற்றுக் கறுவா, மிளகு, மெழுகு முதலிய பொருள்களாற் செலுத்தவேண்டும் என்பதாகும். கப்பலைக் கடலில் இறக்குதல், படைவீரர்க்குச் சம்பளம், பீரங்கிக்கு மருந்து ஆகிய ஆயத்தச் செலவுகள் அனைத்தும் இதனுள் அடங்கின. கணக்கை எழுதுபவரோ ஒல்லாந்தர், செலுத்துபவர் அரசர். செலவுக்கு மேல்வரம்பு எதுவும் குறிக்கப்படவில்லை. மற்றொரு விதி, பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைத்தலைப் பற்றியது. அரசர் விரும்பினால் மட்டுமே காவற்படை வைக்கலாம் என்னும் பொருள்படும் சொற்றொடர் ஒரு மொழிப் படியில் இருந்தது; ஒல்லாந்தர் தம் மொழியில் வைத்திருந்த படியில் அஃது இல்லை.

இந்த இரண்டு விதிகளும் சேர்ந்தே பின்வந்தவற்றை விளைவித்தன. 1640 ஆம் ஆண்டில் நீர்கொழும்பும் காலியும் போர்த்துக்கேயரிடமிருந்து பறிக்கப்பட்டபோது, அரசர் அவற்றைத் தம்மிடம் ஒப்படைக்கக் கேட்டார். ஒல்லாந்தர் செலவுக் கணக்கை நீட்டினர். கடன் தீரும்வரை கோட்டைகள் தம் கையிலேயே இருக்கும் என்றனர். கடன் தீரவேயில்லை. 1656 இல் கொழும்பு வீழ்ந்தபின்னரும் அதே நிலைமை. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கரையோரம் முழுவதுமே ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று. 1796 இல் ஆங்கிலேயர் வந்தபின்பே அவர்கள் அகன்றனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று இதனைப் பற்றிச் சிங்கள மக்களிடையே ஒரு பழமொழி வழங்குகின்றது. இராசசிங்கன் அறிவிற் குறைந்தவரல்லர். ஆயினும் ஆயத்தச் செலவை எல்லையின்றி ஏற்கும் பொறுப்பைத் தாமும், அதன் கணக்கை எழுதும் உரிமையைப் பிறரும் கொள்ள இசைந்தமையால், வென்ற கோட்டை அவருடையதாகவில்லை.

இதற்கு மூன்று நூற்றாண்டு கழித்து, அதே நாட்டின் தென்பகுதியிலே, ஒரு பேரணைக்கான ஆயத்தம் நிகழ்ந்தது. தமிழ் மக்கள் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிவந்த கல்லோயா, பதுளைக்குக் கிழக்கிலுள்ள மலைகளிற் பிறந்து 108 கிலோமீற்றர் ஓடிக் கல்முனைக்குத் தெற்கே கடலிற் கலக்கின்றது. மாரியில் வயல்களை மூழ்கடித்துக் கோடையில் வறண்டுபோகும் அந்த ஆற்றை இங்கினியாகலையில் மறிக்கவேண்டும் என்பது திட்டம். முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் அரசு அதனை மேற்கொண்டது. 1949 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தால் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அமெரிக்காவில் 1933 இல் அமைந்த தெனெசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரி. அணையைக் கட்டும் பொறுப்பு மொரிசன்-நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று அப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்.

ஏறத்தாழ 3,600 அடி நீளமும் 140 அடி உயரமும் கொண்ட மண்ணணையொன்றை எழுப்புதற்கு முன்னர் செய்யவேண்டியன யாவை என்று எண்ணிப் பாருங்கள். அணையின் அடிநிலத்தில் ஒரு வேரும் இருத்தலாகாது. வேர் அழுகினால் அவ்வழியே நீர் கசியும். ஆகவே காட்டை வெட்டினாற் போதாது, மேல்மண்ணையும் வழித்தெடுக்கவேண்டும். நீர் கீழே ஊடுருவாதவாறு அணைக்கோட்டின் வழியே ஆழமான அகழ் தோண்டிக் களிமண்ணால் நிரப்பவேண்டும். தகுந்த மண் எங்கே உண்டு என்று தேடி, அங்கிருந்து அணைவரை பாதை போடவேண்டும். வேலை நடக்கும் காலத்தில் ஆறு வேறு வழியாக ஓடவேண்டும். மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928 இல். அதற்கப்பால் இங்கினியாகலைக்குப் பாரமான பொருளெல்லாம் தெருவழியே செல்லவேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு காலவரையறையும் உண்டு. கிழக்கின் பெருமழை கார்த்திகை தொடக்கம் தை வரையில் பெய்வது. ஆயத்தத்தில் ஒரு திங்கள் தாழ்த்தால் ஒரு முழுக் கோடையே வீணாகலாம்.

நிலத்தை ஆயத்தஞ் செய்வதோடு நோயையும் அகற்றவேண்டியிருந்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. வறண்ட வலயத்துக் காடுகளில் ஒருவன் குடியேறத் துணியாமைக்கு யானையிலும் நுளம்பே பெருங் காரணமாயிருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியை அடுத்து நாடெங்கும் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டு அந்நோய் அடங்கியிராவிடின், ஆயிரக்கணக்கான தொழிலாளரை அக்காட்டிடையே தங்கவைத்து வேலை வாங்குதல் இயலாதிருந்திருக்கும். கல்லோயாவின் ஆயத்தச் செலவு என்னும்போது, அரசின் சுகாதாரப் பகுதியார் முன்னரே செய்த இச்செலவையும் சேர்த்தே எண்ணவேண்டும். எந்த ஒப்பந்தப் பத்திரத்திலும் அது சேர்க்கப்படுவதில்லை.

தொழிலாளர் விடுதியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இதே மொரிசன்-நட்சன் நிறுவனம், அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணையைக் கட்டிய ஆறு நிறுவனங்களின் கூட்டில் ஒன்றாகும். அங்கே தொழிலாளருக்கென ஒரு நகரமே திட்டமிடப்பட்டது. ஆயின் நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்தமையால், நகரம் முடியுமுன்னரே 1931 இல் அணைவேலை தொடக்கப்பட்டது. பாலைவனக் கோடையிலே கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் மக்கள் தங்கினர். வெப்பத்தாற் பலர் இறந்தனர். ஓகத்து மாதத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. அணை இன்றும் உலகோர் வியக்க நிற்கின்றது. எனினும் விடுதிக்கும் குடிநீருக்கும் உரிய ஆயத்தத்தை முந்திச் செய்யாத பிழைக்கு விலை கொடுத்தவர் தொழிலாளரே.

கல்லோயாவில், அம்பாறை என்னும் சிற்றிடம் தொழிலாளரின் தங்குமிடமாயிற்று. அதற்கு முன் அது வேட்டைக்குப் போவோர் தங்கிச் செல்லும் இடமாயிருந்தது. வேலைத்தலத்து விடுதி நகராகி, நகர் மாவட்டத்தின் தலைநகராகி வளர்ந்த கதை அவ்வூருடையது. கல்முனைக்கு மேற்கே மத்தியமுகாம் என்றொரு ஊர் இருக்கின்றது. முகாம் கலைந்தபின்னும் பெயர் நிலைத்துவிட்டது. இலக்கம் இட்டு வழங்கப்படும் கொலனிகள் பலவும் அவ்வயல்களிடையே உள்ளன. வேலைக்கென்று தற்காலிகமாகப் போடப்படும் பாதையும் முகாமும் பின்னர் மக்கள் வாழும் ஊராகவும் அவ்வூரின் தெருவாகவும் மாறிவிடுகின்றன. ஆதலால் முதல் நாளில் எங்கே கொட்டில் போடுவது என்று தீர்மானிப்பவர், தாம் அறியாமலே எதிர்காலத்து ஊரின் நாற்சந்தியைத் தீர்மானிக்கின்றார்.

இந்த ஆயத்தச் செலவின் பெரும்பாரத்தை நாட்டின் திறைசேரி ஏற்றது. அரசு வெளியாரைப் பணிக்கு அமர்த்தியதேயன்றி, அணையை எவரிடமும் ஈடு வைக்கவில்லை. 1638 ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு ஒப்பிட இது பெரிய வேறுபாடு. 1950களின் முற்பகுதியில் வேலை முடிந்து நிறுவனம் சென்றது. 770,000 ஏக்கரடி நீர் கொள்ளும் சேனநாயக்கா சமுத்திரம் நாட்டுக்கே உரியதாயிற்று.

ஆயினும் பணத்தாற் செலுத்தப்படாத ஆயத்தச் செலவு ஒன்றும் இருந்தது. அக்காடுகளில் வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த வேடர் தம் முன்னோர் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தனர். காடாயிருந்த நிலம் வயலாகியபோது, அதில் எவர் எவருக்கு எத்தனை காணி என்பது தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரிடையே ஆழ்ந்த மனக்கசப்பை விளைத்தது. அரச மொழிச் சட்டம் கொண்டுவரப்பட்ட 1956 ஜூன் மாதத்தில், அக்கசப்பு கல்லோயாப் பள்ளத்தாக்கிலே இரத்தக்களரியாக வெடித்தது. நிலத்தைத் திருத்தவும் இயந்திரத்தைப் பொருத்தவும் எத்துணைக் கவனம் செலுத்தப்பட்டதோ, அத்துணைக் கவனம் அங்கே முன்பிருந்தோரையும் புதிதாக வருவோரையும் பற்றிய உடன்பாட்டுக்குச் செலுத்தப்படவில்லை. மக்களிடையே உடன்பாடு காண்பதும் வேலைத்தல ஆயத்தத்தின் ஓர் உறுப்பே என்பதை நம் நாடு மிகக் கடுமையான முறையிற் கற்க நேர்ந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். மட்டக்களப்பு வாவி நாட்டை இரு கரையாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. ஆங்கிலத் தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயரால் அமைந்த கல்லடி இரும்புப் பாலம் நெடுங்காலம் பட்டினத்தையும் தென்பகுதியையும் இணைத்தது. அதன் பக்கத்தே யப்பானிய உதவியோடு கட்டப்பட்ட புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. மண்முனையிலே, பாதை என்று நம் மக்கள் கூறும் மிதவையில் ஏறிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சென்ற காலமும் 2014 இல் முடிந்தது. அங்கும் யப்பானிய நன்கொடையாற் பாலம் அமைந்தது. வாவியில் பாலம் கட்டுவோர்க்கு ஆயத்தம் மிகக் கடினம். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும்போது நீர்மட்டம் ஒருவிதம். வெள்ளம் வந்து முகத்துவாரம் வெட்டப்படும்போது வேறுவிதம். சேற்றுக்கு அடியில் உறுதியான நிலம் எவ்வளவு ஆழத்தில் உண்டு என்று துளையிட்டு அறியவேண்டும். தூண் எழுமுன், தூணை நாட்டும் இயந்திரம் நிற்பதற்கே நீரின் மேல் ஒரு தற்காலிக மேடை வேண்டும். வேலை முடிந்ததும் அது கழற்றப்படும், காண்போர்க்கு அதன் அடையாளமும் இராது.

படுவான்கரையிலோ அதற்கும் முந்திய ஓர் ஆயத்தம் தேவைப்பட்டது. போர்க்காலத்திற் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் வயலிலும் வளவிலும் கிடந்தன. அவற்றை அகற்றாமல் அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கவும் இயலாது. முழந்தாளிட்டு, ஒவ்வொரு சாண் நிலத்தையும் சோதித்து, ஆண்களும் பெண்களும் அப்பணியைச் செய்தனர். அதற்கான செலவு பெரும்பாலும் அயல்நாட்டு நன்கொடையாக வந்தது. 2017 ஜூன் மாதத்தில் மட்டக்களப்பு கண்ணிவெடியற்ற மாவட்டம் என அறிவிக்கப்பட்டது. இலங்கையில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் மாவட்டம் அதுவே. அந்நிலத்தில் இன்று எழும் பாடசாலைக் கட்டடத்துக்கும் வீட்டுக்கும் அடிக்கல், உண்மையில், அன்று முழந்தாளிட்டவர்களால் நாட்டப்பட்டது.

போரின் பின் இந்திய அரசின் உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்ட வீடுகளுக்கு, குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா, வேலையின் படிநிலைக்கேற்பத் தவணைகளாக நேரே வங்கிக் கணக்கில் வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே தம் வீட்டின் ஒப்பந்தக்காரராயினர். இம்முறையில் வீடு முதல் நாளிலிருந்தே அவர்களுடையது. இது பெருஞ் சிறப்பு. ஆயினும் வளவைத் துப்புரவு செய்தல், தங்குதற்குக் கொட்டில் போடுதல், மணலும் கல்லும் ஏற்றிவரும் கூலி முதலிய சிறு செலவுகள் குடும்பத்தின் தோளிலே விழுவதுண்டு. கணவனை இழந்த பெண்ணொருத்திக்கு அச்சிறு தொகையே பெருந்தடையாகலாம். அயலவர் ஒன்றுகூடி ஒரு நாட் கூலியை விட்டுக்கொடுத்தால், அதுவும் முற்பணமே, வட்டியில்லாத முற்பணம்.

நேயர்களே, இவ்வரலாறு நமக்குச் சில கேள்விகளைக் கற்பிக்கின்றது. உங்கள் ஊரில் ஒரு கட்டடமோ பாலமோ குளமோ அமையவிருக்கின்றது என்று கேள்விப்பட்டால், அடிக்கல் நாட்டும் நாளை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். பாதையும் நீரும் எவ்வழியே வரும், முற்பணம் எவ்வளவு, அது எவ்வாறு கழிக்கப்படும், உத்தரவாதம் யாது, கணக்கை எழுதுபவர் யார், அதனைச் சரிபார்ப்பவர் யார் என்று கேளுங்கள். தொழிலாளர் எங்கே தங்குவர், அந்நிலத்தில் இன்று இருப்போர் நாளை எங்கே இருப்பர் என்றும் கேளுங்கள். அடிக்கல் நாட்டிய இடத்தில் ஆண்டுகள் சென்றும் துருவேறிய கம்பிகள் மட்டும் நிற்பதைப் பாடசாலை வளவுகளில் நாம் கண்டதில்லையா? அங்கே பெரும்பாலும் குறைந்தது கல்லுமன்று, சீமெந்துமன்று; இக்கேள்விகளை எவரும் காலத்தே கேளாமையே.

புளியந்தீவுக் கோட்டையில் நெடுங்காலம் நம் கச்சேரி இயங்கிற்று. காணிப் பத்திரத்துக்கும் நிவாரணத்துக்கும் அதன் வாயிலைக் கடந்து சென்றோர் பலர். இனி அவ்வழியே செல்லும்போது அதன் மதிலைப் பார்த்து வியப்பதோடு, அந்த மதிலுக்காக எழுதப்பட்ட செலவுக் கணக்கையும் சிறிது நினைத்துக்கொள்ளுங்கள்.